ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்க வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நிதி திரட்டியிருக்கிறோம். எல்லா வகுப்புகளுக்கும் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்பது சங்கத்தில் பெரும்பாலானோர் விருப்பம். ஆனால் அங்கே ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர், "பாதிப் பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரவில்லை, போர்டை வைத்து நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே விவாதம். வறுமைதான் காரணம் என்கிறார் ஒருவர். ஆசிரியர்கள் சரியில்லை என்கிறார் இன்னொருவர். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். வளரும் நாடுகளில் கல்வித் தரத்தைக் கெடுப்பது உண்மையில் எது? எங்கள் பணத்தை எதில் போட்டால் பிள்ளைகளுக்குப் பயன்படும்? (ஊர், பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆசிரியை கேட்டதை உங்கள் சங்கத்தில் எல்லோரும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பள்ளிகளின் தரத்தை மதிப்பிடுவதும், கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான திட்டங்களை வகுத்துக் கொடுப்பதும் என் தொழில். பாதிப் பேருக்கு வாசிக்க வராது என்று ஓர் ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம். பெரும்பாலான பள்ளிகளில் அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். சொன்னால் பழி சொன்னவர் தலையிலேயே விழும் என்ற பயம். உங்களுக்கு உண்மையைச் சொல்ல ஒருவர் கிடைத்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள்.

இது உங்கள் பள்ளிக்கு மட்டும் வந்த பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். உலக வங்கி, யுனிசெஃப், யுனெஸ்கோ ஆகியவையும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கொரோனாவுக்கு முன்பே, 2019-இல், அது 57 சதவீதமாக இருந்தது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள் என்பதுதான் வேதனை. சீருடை போட்டு, பை மாட்டி, வருடக்கணக்கில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் வளரும் நாடுகள் உண்மையிலேயே பெரிய தூரம் வந்திருக்கின்றன. மலாவியில் 1994-இல் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தபோது மாணவர் எண்ணிக்கை 19 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 30 லட்சமாக உயர்ந்தது. அது சாதனைதான். ஆனால் வகுப்பறைகளும் ஆசிரியர்களும் புத்தகங்களும் அந்த வேகத்தில் கூடவில்லை. அதுவரை பள்ளி வாசலையே மிதிக்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வேறு பல நாடுகளிலும் இப்படித்தான் நடந்தது. புதிதாக வந்த பிள்ளைகளுக்காகப் பாடத்திட்டம் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளையை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டிருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வறுமைக்கும் பங்கு உண்டு, ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே ஒரு காரணத்தைச் சொல் என்றால் நான் சொல்வது இதுதான்: வகுப்பு பாடத்திட்டத்தின் வேகத்தில் போகிறது, பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எழுத்துகளுக்கென்று சில மாதங்கள், அப்புறம் சொற்கள், அப்புறம் சின்ன வாக்கியங்கள் என்று பாடநூல் ஓடுகிறது. காய்ச்சல் வந்து இரண்டு வாரம் விடுப்பு எடுத்த பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கிறது. ஆசிரியருக்கு அந்த ஒரு பிள்ளைக்காகப் பின்னால் போக நேரமில்லை. பார்வையிட வரும் அதிகாரி "எந்தப் பாடம் வரை முடித்திருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார். எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடங்களும் வாசிப்பை நம்பித்தான் நடக்கின்றன. கணக்கில்கூட, கூட்டல் கழித்தல் நன்றாகத் தெரிந்த பிள்ளை வாக்கியக் கணக்கைப் படிக்க முடியாமல் விட்டுவிடுகிறாள். ஆறாம் வகுப்புக்கு அவள் தயாராக இல்லை என்று நாம் கண்டுபிடிக்கும்போது, பிரச்சினைக்கு நாலைந்து வயது ஆகியிருக்கிறது.

ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அழகான கையெழுத்து இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக் இருக்கும். அந்தப் பிள்ளையையே அழைத்து, அவள் எழுதிய வரியைப் படிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் வரியின் தொடக்கத்திலிருந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டால், கண் புத்தகத்தை விட்டு மேலே போகும், உதடு அசையும். வரியை முதலிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கப் பார்க்கிறாள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது அவளுக்குப் படம் வரைவது மாதிரி. இவ்வளவு நினைவாற்றலும் பொறுமையும் உள்ள பிள்ளைக்குத்தான் மண்டையில் ஒன்றும் ஏறாது என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இதைவிடக் கோபம் வரும் விஷயம் இந்தத் தொழிலில் வேறு இல்லை.

இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். டெல்லியில் நடந்த ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வழக்கமான பள்ளிப் படிப்பு மட்டுமே கிடைத்தவர்களில், மிகவும் பின்தங்கிய மூன்றில் ஒரு பங்கினர் ஆய்வு நடந்த காலம் முழுவதும் ஏறக்குறைய ஒரு அடிகூட முன்னேறவில்லை. கென்யாவில் கிராமப் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் மட்டும் முன்னேறினார்கள், மற்றவர்களின் மதிப்பெண் அப்படியே இருந்தது. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

மொழியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 37 சதவீத மாணவர்கள் தங்களுக்குப் புரியாத மொழியில் பாடம் கேட்கிறார்கள் என்று உலக வங்கி 2021-இல் சொன்னது. ஒரு பிள்ளை பேசத் தெரிந்த மொழியில் முதலில் வாசிக்கக் கற்றுக்கொண்டால், அந்தத் திறமையை அடுத்த மொழிக்குக் கொண்டுபோவது சுலபம். தெரியாத மொழியில் எழுத்தையும் பொருளையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் சொன்னால் இரண்டும் நழுவிப்போகும். உங்கள் பள்ளியில் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் இருந்தால், அவர்களைத் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இனி வறுமை. வறுமையின் அடி பள்ளிக்கு வரும் முன்பே விழுந்துவிடுகிறது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் போதிய ஊட்டம் கிடைக்காத பிள்ளையின் உயரம் மட்டும் குறைவதில்லை. கவனம், பேச்சு, கற்கும் திறன் எல்லாமே பாதிக்கப்படுகின்றன. இதில் நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல், வளர்ச்சி குன்றிய கைக்குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை போனார்கள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்மாருக்குச் செய்து காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் இந்த உதவி கிடைக்காத மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்தவை பேச்சும் விளையாட்டும்தான், விலையுயர்ந்த பொருள் எதுவுமில்லை. உங்கள் பள்ளியை ஒட்டி மழலையர் மையம் இருந்தால், அங்கே கதை சொல்வதும் பாடுவதும் நடக்கிறதா, அல்லது மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்து எழுத்து எழுதச் சொல்கிறார்களா என்று போய்ப் பாருங்கள்.

பார்வைக் குறையையும் மறந்துவிடுகிறோம். சீனாவின் கான்சு மாகாணத்தில் பார்வைக் குறையுள்ள மாணவர்களுக்குக் கண்ணாடி கொடுத்தபோது தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு அது தெரியவில்லை என்பதே தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும்போல என்று இருந்துவிடும்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னீர்கள். இதில் இரண்டு பக்கமும் உண்டு. வங்கதேசம், எக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளின் ஆரம்பப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்ததில், சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், வருகையைத் தேதி, நேரத்தோடு கேமராவில் பதியவைத்து அதற்கேற்பச் சம்பளம் கொடுத்தபோது, வராமல் இருப்பது 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. சம்பளத்தை மட்டும் கூட்டினால் போதுமா என்றால், இந்தோனேசியாவின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியர்களின் பணக் கவலை குறைந்தது, மனநிறைவு கூடியது. மாணவர்களின் கற்றலில் மாற்றம் இல்லை.

ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பெரும்பாலான ஆசிரியர்களுக்கு யாரும் செய்து காட்டியதில்லை. பயிற்சியில் கல்வித் தத்துவம் வரும், உளவியல் வரும். எழுத்தைக் குழப்பிக்கொள்ளும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்பது வராது. அப்புறம், பள்ளியில் மிகத் திறமையானவர் என்று பெயரெடுத்த ஆசிரியரை எந்த வகுப்புக்குப் போடுகிறார்கள்? பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு. முதல் வகுப்பு, புதிதாகச் சேர்ந்தவருக்கோ ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவருக்கோ போகிறது. இந்த ஒரு வழக்கத்தை மாற்றப் பணம் தேவையில்லை, தலைமை ஆசிரியரின் துணிச்சல் போதும்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பதை நான் ஏற்கவே மாட்டேன். மதிப்பெண் அட்டையில் தேர்ச்சி என்று இருக்கிறது, நோட்டில் டிக் இருக்கிறது, பிள்ளை தினமும் பள்ளிக்குப் போகிறாள். படிக்கத் தெரியாத தாய் இதற்குமேல் எதைப் பார்த்துச் சந்தேகப்படுவாள்? "உங்கள் பிள்ளைக்கு இந்த நாலு வரியைப் படிக்க வரவில்லை" என்று தாளைக் காட்டிச் சொன்னால் அவர்கள் துடித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஸ்மார்ட் போர்டு. பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் நான் முன்பு சொன்ன டெல்லி ஆய்வில், ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கும் மென்பொருளை, பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் பயன்படுத்தினார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே கருவி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்மார்ட் போர்டு அதே ஆறாம் வகுப்புப் பாடத்தை வண்ணத்தில் காட்டும், வாசிக்க வராத பிள்ளை வண்ணத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போதைக்கு அதை வாங்காதீர்கள்.

என்ன செய்தால் மாறும் என்பதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் அரசுப் பள்ளிகளில் 3 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல், எழுத்து தெரிந்தவர்கள், சொல் படிப்பவர்கள், பத்தி படிப்பவர்கள் என்று வாசிப்பு நிலையை வைத்துக் குழுக்களாகப் பிரித்து முகாம்கள் நடத்தியது. மொத்தம் 50 நாட்கள். முடிவில், முகாம் நடந்த பள்ளிகளில் 49 சதவீதம் பேர் பத்தியோ கதையோ படித்தார்கள். முகாம் நடக்காத பள்ளிகளில் அது 24 சதவீதம்.

ஒரு நகரமே மாறியதற்குப் பிரேசிலின் சொப்ரால் உதாரணம். நாட்டின் ஏழைப் பகுதிகளில் ஒன்றான செயாரா மாநிலத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சோதித்தபோது, அங்கே இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை, உங்கள் பள்ளி மாதிரியேதான். நகர நிர்வாகம் ஒரே குறிக்கோளை எடுத்துக்கொண்டது: இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும். தலைமை ஆசிரியர் பதவியை அரசியல் சிபாரிசிலிருந்து எடுத்து, திறமை பார்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கவைத்துச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்கு வகுப்பில் பயன்படுத்தத்தக்க பாடத் தயாரிப்புகளையும் தொடர்ந்த பயிற்சியையும் கொடுத்தார்கள். 2017-இல் பிரேசிலின் தேசியக் கல்வித்தரக் குறியீட்டில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகளில் சொப்ரால் முதலிடத்துக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகளால் முடியாது என்று உங்கள் சங்கத்தில் யாராவது சொன்னால் இந்த ஊரைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசி, 3 முதல் 6 வரை எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் பார்க்க அனுமதி வாங்குங்கள். குறை கண்டுபிடிக்க வரவில்லை, உதவத்தான் வருகிறோம் என்பதை அவர் நம்ப வேண்டும். முடிவுகளை வெளியில் பேச மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். சோதனைக்கு ஒரே ஒரு தாள் போதும்: சில எழுத்துகள், சில எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பாடநூலில் இருக்கும் பத்தியை எடுக்காதீர்கள், மனப்பாடமாக இருக்கும். கூட்டத்தில் வைத்துச் சோதிக்காமல் ஓர் ஓரமாக, பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேளுங்கள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். கணக்குக்கும் இதே மாதிரி எண்களைப் படிப்பது, கடன் வாங்கிக் கழிப்பது, எளிய வகுத்தல் என்று பார்க்கலாம்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம், வகுப்பை மறந்துவிட்டு நிலைவாரியாகக் குழுக்கள். இது பள்ளி நேர அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாலையில் வைத்தால் வீட்டு வேலை உள்ள பிள்ளைகளும் தூரத்திலிருந்து வருகிறவர்களும்தான் முதலில் விடுபடுவார்கள். உதவிக்கு ஆட்கள் வேண்டும், உங்கள் பணத்தின் பெரிய பங்கு அங்கே போகட்டும். அக்கம்பக்கத்தில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள், இளம்பெண்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, முறையாகப் பயிற்சி கொடுத்து, மாதாமாதம் ஊக்கத்தொகை கொடுங்கள். அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியையே இதை முன்னின்று நடத்தட்டும். அடுத்த பங்கு கதைப் புத்தகங்களுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி உள்ளவை, பத்தி உள்ளவை, நீளக் கதைகள் என்று எல்லா நிலையிலும் வேண்டும். பீரோவில் பூட்டிவைக்காமல் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற மாதிரி கயிற்றில் தொங்கவிடுங்கள். கிழியட்டும், மறுபடி வாங்கலாம். கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

குழுக்களுக்கு மெல்லக் கற்போர் என்ற மாதிரிப் பெயர் எதுவும் வேண்டாம். குழு நிரந்தரமும் இல்லை. பத்தி படிக்கத் தொடங்கிய அன்றே பிள்ளை அடுத்த குழுவுக்குப் போகட்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை அதே முறையில், வேறு பத்தியை வைத்துச் சோதியுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெட்கம் அதிகம். தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து எழுத்து படிக்க மறுப்பார்கள். அவர்களுக்குத் தனி அறை கொடுத்து, வயதுக்கேற்ற கதைகளாகப் பார்த்து வையுங்கள்.

இந்த முயற்சிக்குப் பெற்றோரையும் கூப்பிடுங்கள். குறை சொல்ல வேண்டாம், பிள்ளையை அவர்கள் முன்னால் வாசிக்கவைத்துக் காட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி காட்டுங்கள்.

முதல் சோதனை முடிந்ததும் எந்த வகுப்பில் எத்தனை பேர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கை எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் தேவையில்லை. எத்தனை குழு, எத்தனை உதவியாளர் வேண்டும் என்று அதை வைத்துத்தான் சரியாகச் சொல்ல முடியும். சோதனைத் தாளைத் தயாரித்ததும் அனுப்பினால் அதையும் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.